கேமரன் மலையின் வரலாறும் நிர்வாகமும்: சிங்கப்பூரிலிருந்து தேடி எழுதுவது எப்படி?

கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் அதன் முதல் வண்டிப் பாதை பேராக்கின் தாப்பாவிலிருந்து ஏறுகிறது. அந்தப் பாதையைப் போட முடிவெடுத்தவர்கள் கோலாலம்பூரில் இருந்தார்கள். நிலம் பகாங் அரசின் கையில். பகாங்கின் தலைநகரோ 1955 வரை கோலா லிப்பிஸ், அதற்குப் பிறகு குவாந்தான். இந்தக் கோணலை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் மலையின் முக்கிய ஊரான தானா ராத்தாவுக்கு பஸ் ஏறுகிறவர்கள் நான்கு ஸ்ட்ராபெரிப் படங்களோடு திரும்பி வருவார்கள்; தாள் ஒன்றும் கிடைக்காது. ஊரைப் பற்றிய காகிதம் அந்த ஊரை ஆண்ட மேசையில்தான் தங்கும். எந்த ஆண்டில் எந்த மேசை என்று முதலில் கணக்குப் போடுங்கள். பிறகு தேடல் பாதியாகச் சுருங்கும்.

பள்ளித் திட்டவேலை, குடும்ப வரலாறு, கோயில் மலர்க் கட்டுரை எதுவானாலும் இதே முறைதான்.

ஒரு தாளில் காலக்கோடு

ஒரு முழுத் தாளை எடுத்து நான்கு பத்தி போடுங்கள்: ஆண்டு, நாட்டின் பெயர், மாநிலத் தலைநகர், ஊர்நிர்வாக அமைப்பு. 1896 முதல் போர்க்காலம் வரை பகாங், ஐக்கிய மலாய் மாநிலங்களில் ஒன்று. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. 1946ல் மலாயன் யூனியன், 1948ல் மலாயாக் கூட்டரசு, 1957ல் சுதந்திரம், 1963ல் மலேசியா.

நான்காவது பத்திதான் பலரும் விட்டுவிடுவது. போருக்கு முன் ஐக்கிய மலாய் மாநிலங்களின் சிற்றூர்களைச் சுகாதார வாரியங்கள் பார்த்துக்கொண்டன. பிற்பாடு அவை நகர வாரியங்கள் என்ற பெயருக்கு மாறின. 1952ன் உள்ளூர் மன்றச் சட்டம் அவசரகாலத்தில் மக்களைக் குடியமர்த்திய புதுக்கிராமங்களுக்குத் தனி மன்றங்கள் அமைக்க வழி செய்தது. 1976ல் ஊராட்சிச் சட்டம், அதாவது 171ஆம் சட்டம், வந்து இந்தப் பலவகை அமைப்புகளைக் கட்டங்கட்டமாக ஒன்றாக்கியது. இன்று மலையை ஆளும் மஜ்லிஸ் டாயரா, அதாவது மாவட்ட மன்றம், இந்தச் சட்டத்தின் கீழ் இயங்குவது. ஆகவே 1935ஆம் ஆண்டுச் செய்தியில் ‘மாவட்ட மன்றம்’ என்று தேடினால் ஒன்றும் வராது. ‘சுகாதார வாரியம்’, ‘நகர வாரியம்’ ஆகியவற்றின் ஆங்கிலப் பெயரைப் போட்டுத் தேடவேண்டும்.

ஜப்பானியர் காலத் தாள்களில் 2602 என்று ஆண்டு போட்டிருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். அது ஜப்பானியப் பேரரசு ஆண்டு. 660ஐக் கழித்தால் 1942 கிடைக்கும்.

தொடக்கத்தை எழுதும்போது

அரசாங்க நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885ல் இந்தப் பகுதிக்கு வந்தார். மலைகள் சூழ்ந்த, சாய்வு குறைந்த ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாகத் தெரிவித்தார். மறு ஆண்டே இறந்துபோனார். அவர் பார்த்த இடம் இன்றைய தானா ராத்தாதானா என்பது கடைசிவரை துலங்கவில்லை. அதனால் ‘கேமரன் தானா ராத்தாவைக் கண்டுபிடித்தார்’ என்று எழுதுவது இரட்டைப் பிழை. ஒன்று, இடம் உறுதியில்லை. இரண்டு, பூர்வகுடிகளான செமாய் மக்கள் அந்தக் காடுகளில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ‘ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாகத் தெரிவித்தார்’ என்று எழுதினால் வம்பில்லை.

பேராக்கின் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் ஆலோசகராக, இருந்த ஹியூ லோ அங்கே ஓர் உடல்நல வாசஸ்தலம் வேண்டும் என்று விரும்பினார். அந்த விருப்பம் ஏறத்தாழ நாற்பது ஆண்டு கிடப்பில் கிடந்தது. 1925ல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. தாப்பாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பாதை 1926ல் தொடங்கி 1931ல் முடிந்தது. ஜான் ஆர்ச்சிபால்டு ரஸல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் ஆண்டு 1929. இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே ஒரு கேள்வி எழும்: பாதை முடிவதற்கு முன்பே தோட்டம் பிறந்திருக்கிறதே, ஆளும் அரிசியும் எப்படி மேலே போயின? நல்ல கட்டுரைக்கு இந்த மாதிரி ஒரு கேள்வி போதும். அதைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள்.

விக்டோரியா ஸ்திரீட்டில் தொடங்குங்கள்

எல்லை தாண்டுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கப் பழைய நாளிதழ்த் தொகுப்பில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா ட்ரிப்யூன், சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ், பினாங்கிலிருந்து வந்த ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ எல்லாம் உள்ளன. பழைய இதழ்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். அண்மைக்கால இதழ்கள் பலவற்றுக்கு நூலகக் கணினிக்குத்தான் போகவேண்டும். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள லீ கொங் சியன் மேற்கோள் நூலகத்தில் தென்கிழக்காசியத் தொகுப்பு 11வது மாடியில். அங்குள்ள நூல்களை இரவல் தரமாட்டார்கள். அரைநாள் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

தேடும்போது நடக்கும் கோளாறுகள் பெரும்பாலும் எழுத்துக்கூட்டலால் வருபவை. 1920களிலும் 30களிலும் ஊரின் பெயரைக் ‘கேமரன்ஸ் ஹைலண்ட்ஸ்’ என்று, மேற்குறியும் எஸ் எழுத்தும் சேர்த்து அச்சிட்டார்கள். பிற்காலத்தில் எஸ் போய்விட்டது. இரண்டு வடிவத்திலும் தனித்தனியே தேடுங்கள். பழைய அச்சை எழுத்துணரி மென்பொருள் தப்பாகப் படித்திருக்கும் என்பதால் ‘ஹைலண்ட்ஸ்’ என்ற சொல்லை மட்டும், ‘தாப்பா’ அல்லது மலையூரான ‘ரிங்லெட்’ என்ற பெயரோடு இணைத்தும் பாருங்கள். தாப்பா ஊர் வேறு, தாப்பா ரோடு ரயில் நிலையம் வேறு. சரக்கு இறங்கிய இடத்தைப் பற்றிய செய்திகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.

ஆண்டு வடிகட்டியைக் கட்டாயம் போடுங்கள். தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26ஆம் நாள் கேமரன் மலையில் காணாமல் போனார். அதற்குப் பிறகான ஆண்டுகளை வடிகட்டாமல் தேடினால் திரை முழுக்க அவர்தான் நிற்பார்; நகர வாரியத்தின் குடிநீர்த் திட்டம் பத்தாம் பக்கத்துக்குப் போய்விடும். மின்சாரத் திட்டத்தைத் தேடுகிறவர்கள் நிறுவனத்தின் பெயர்மாற்றத்தையும் கவனிக்கவேண்டும்: 1950களில் மத்திய மின்சார வாரியம், 1965 முதல் தேசிய மின்சார வாரியம், 1990 முதல் தெனாகா நேஷனல். ரிங்லெட்டின் சுல்தான் அபு பக்கார் அணை உள்ளிட்ட நீர்மின் திட்டம் 1963ல் முடிந்தது. ‘தெனாகா’ என்று தேடினால் அதன் கட்டுமானச் செய்தி ஒன்றுகூட அகப்படாது.

தமிழ் முரசையும் விடாதீர்கள். 1935ல் தொடங்கிய இதழ் அது. இதில் தேடுபெட்டியை நம்பாமல், ஆங்கில இதழில் கிடைத்த தேதியைப் பிடித்துக்கொண்டு அந்த வாரத்துப் பக்கங்களைக் கண்ணால் புரட்டுவதே மேல். கோலாலம்பூரில் 1924 முதல் வெளிவந்த தமிழ் நேசனில் தோட்டச் செய்திகள் இன்னும் அதிகம்.

தொகைகளைக் குறிக்கும்போது எச்சரிக்கை. 1906 முதல் நீரிணைக் குடியேற்ற டாலரின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைப்படுத்தப்பட்டிருந்தது. அதாவது 60 டாலருக்கு 7 பவுண்டு. லண்டன் கோப்பில் பவுண்டிலும் இங்குள்ள நாளிதழில் டாலரிலும் வரும் தொகை ஒன்றுதானா என்று இதை வைத்துச் சரிபாருங்கள். சிங்கப்பூர் டாலரும் மலேசிய டாலரும் 1973 மே வரை ஒன்றுக்கு ஒன்றாகச் செல்லுபடியாயின. அதற்குப் பிறகான தொகைகளில் எந்த டாலர் என்று எழுதாமல் விடாதீர்கள்.

அரசிதழ் அறிவிப்பு ஒன்றைப் படிக்கும் முறை

நாளிதழ் நடந்ததைச் சொல்லும். அதிகாரம் எப்படி வந்தது என்பதை அரசிதழ் சொல்லும். நகர எல்லை, வாரிய உறுப்பினர் நியமனம், வரி விகிதம், வனக் காப்பு எல்லாம் அதில்தான் வெளியாகும். ஓர் அறிவிப்பு பத்து வரிகூட இராது. ஆனால் அதன் ஒவ்வொரு பகுதிக்கும் வேலை உண்டு. தலைப்பில் அறிவிப்பு எண். மேற்கோளில் இதைத்தான் தரவேண்டும். அடுத்து எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி என்ற வரி. இந்த வரியைத் தாண்டிப் போய்விடுபவர்களே அதிகம்; ஊரை எந்த வகை அமைப்பு ஆண்டது என்பதற்கு அசைக்கமுடியாத சான்று இதுதான். பிறகு செய்தி. கீழே கையொப்பமிட்ட அதிகாரியின் பதவி, ஊர், தேதி. ஊர் ‘கோலா லிப்பிஸ்’ என்றால் மாநில முடிவு. ‘கோலாலம்பூர்’ என்றால் கூட்டமைப்பு முடிவு.

ஓரத்தில் சின்ன எழுத்தில், அடைப்புக்குறிக்குள், ஒரு சுருக்கெழுத்தும் எண்ணும் சாய்கோடும் இரண்டு இலக்க ஆண்டும் இருந்தால் அதை அப்படியே, புள்ளி பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்த முடிவு எந்தக் கோப்பில் பிறந்ததோ அந்தக் கோப்பின் எண் அது. கோலாலம்பூரில் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்த எண்ணோடு போய் நிற்பவருக்கும் ‘கேமரன் மலை பற்றி ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்பவருக்கும் கிடைக்கும் பதிலில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கடப்பிதழை மறக்காதீர்கள், வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கான விதிகளை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். லண்டன் பக்கத்து எழுத்துப் போக்குவரத்து அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், குடியேற்ற அலுவலகத்தின் 717ஆம் வரிசையில் இருக்கிறது. 1920க்கு முந்தையதைப் பெரும்பாலும் 273ஆம் வரிசையில் தேடவேண்டும்.

இன்றைய ஆட்சி: சிங்கப்பூர்க் கண்ணாடியைக் கழற்றுங்கள்

நம்மூர் நகர மன்றத்தை நினைத்துக்கொண்டு கேமரன் மலை மாவட்ட மன்றத்தைப் பற்றி எழுதினால் எல்லாமே பிசகும். இங்கே நகர மன்றம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) பேட்டைகளின் பொதுவிடங்களைப் பராமரிக்கிறது. நடத்துபவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள். சொத்து வரி உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குப் போகிறது. அங்கே மாவட்ட மன்றம் கடை உரிமம் தரும், கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரும், குப்பை அள்ளும், வீட்டு வரியும் வாங்கும். ஆனால் அதன் உறுப்பினர் எவரும் தேர்தலில் நின்றவரில்லை. மன்றத்துக்கு யாங் டிபெர்துவா என்ற தலைவர் ஒருவர், அவரோடு 8 முதல் 24 பேர் வரை உறுப்பினர்கள். மாநில அரசு நியமிக்கிறது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள் 1965ல், இந்தோனீசிய மோதல் காலத்தில், நிறுத்திவைக்கப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அதே ஆண்டு அமைந்த அரச விசாரணை ஆணையம் 1968ல் அறிக்கை கொடுத்தது. தேர்தல் வேண்டும் என்றது. அரசு ஏற்கவில்லை. 1976ன் 171ஆம் சட்டம், 15ஆம் பிரிவில், தேர்தல் கதவை மூடிவிட்டது. இதை எழுதும் தமிழர்கள் அந்த ஆணையத்தின் தலைவர் பெயரை விட்டுவிடுவது வியப்பு. அவர் மனைவி ஜானகி, நேதாஜி சிங்கப்பூரில் அமைத்த ஜான்சி ராணிப் படையில் இரண்டாம் நிலைத் தளபதியாக இருந்தவர்.

வரிகளில் இரண்டைப் பிரித்தறியவேண்டும். சுக்காய் தக்சிரான் என்னும் மதிப்பீட்டு வரி மாவட்ட மன்றத்துக்கு. ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி முடிவுக்குள்ளும் ஆகஸ்ட் முடிவுக்குள்ளும். சுக்காய் தானா என்னும் நில வரி மாநிலத்தின் நில அலுவலகத்துக்கு, மே 31க்குள். குடும்பத்துப் பழைய பெட்டியில் ஒரு ரசீது கிடைத்தால் எந்த அலுவலக முத்திரை என்று பாருங்கள். மதிப்பீட்டு வரி ரசீது இருப்பதாலேயே நிலம் சொந்தம் என்று முடிவு கட்டக்கூடாது. கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்கள் பல, தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் நடந்தவை. அந்த உரிமம் டிசம்பர் 31 அன்று தீர்ந்துபோகும். மற்றவருக்கு மாற்ற முடியாது. உரிமதாரர் இறந்தால் அதோடு முடிந்தது. ‘தாத்தாவுக்கு அங்கே நிலம் இருந்தது’ என்ற குடும்பக் கதைகளில் எத்தனையோ, உண்மையில் இந்த ஓராண்டு உரிமங்கள்தான்.

தொகுதி எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றல்ல. கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதிக்குள் தானா ராத்தா, ஜெலாய் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். ஜெலாய் இருப்பது லிப்பிஸ் மாவட்டத்தில். தேர்தல் எண்களை எடுத்து ‘மலையின் மக்கள்தொகை’ என்று போட்டால் லிப்பிஸ்காரர்களையும் மலையேற்றிவிடுவீர்கள். 2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் இங்கு வென்ற ரம்லி முகமது நோர், மலேசிய மக்களவையின் முதல் ஓராங் அஸ்லி, அதாவது பூர்வகுடி, உறுப்பினர்.

பெர்த்தாம் பள்ளத்தாக்கை வைத்து ஒரு பயிற்சி

யார் எதற்குப் பொறுப்பு என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, ஒரு நிகழ்வை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது எளிது. 2013 அக்டோபர் 23 அதிகாலை கனமழையில் ரிங்லெட் அணை நிரம்பி, தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளமும் சேறும் புகுந்தன, உயிர்கள் போயின.

இதை எழுதுகிறவர் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மேசையைக் கண்டுபிடிக்கவேண்டும். அணையின் கதவு: தெனாகா நேஷனல். ஆறு, அதன் அகலம், அள்ளப்படாத வண்டல்: வடிகால் நீர்ப்பாசனத் துறை. மேலே மரம் வெட்டி மலையைச் சீவிய நிலங்கள், அவற்றின் உரிமம்: மாவட்ட நில அலுவலகமும் அதற்கு மேல் மாநில அரசும். மலேசியாவில் நிலம் மாநிலத்தின் அதிகாரம்; கோலாலம்பூர் அமைச்சர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் பட்டா தருவதும் மறுப்பதும் பகாங்தான். ஆற்றங்கரையில் எழுந்த வீடுகள்: கட்டட அனுமதி என்ற வகையில் மாவட்ட மன்றம், நில ஆக்கிரமிப்பு என்ற வகையில் நில அலுவலகம். சாலை: பொதுப்பணித் துறை. ஓராங் அஸ்லி குடியிருப்புகள்: அதற்கென்று உள்ள கூட்டரசுத் துறையான ஜக்கோவா.

ஆறு பொருள்கள், ஆறு மேசைகள். ‘அதிகாரிகளின் அலட்சியம்’ என்ற ஒரு சொற்றொடருக்குள் இவற்றைத் திணித்தால் கட்டுரை கோபமாக இருக்கும், உபயோகமாக இராது. எந்த மேசை எந்தத் தேதியில் எதைச் சொன்னது என்று தேதி வரிசையில் அடுக்கினால் போதும்; வாசகரே பார்த்துக்கொள்வார்.

பெரியவர்களிடம் கேட்கும்போது

தோட்டத்து மக்களின் பெயர் அரசாங்கத் தாளில் அதிகம் வராது. தொழிலாளர் துறையின் ஆண்டறிக்கைகளும், மலாயாவில் இருந்த இந்திய அரசின் ஏஜெண்டு போருக்கு முன் எழுதிய அறிக்கைகளும் எண்ணிக்கை, கூலி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் நிலை ஆகியவற்றைத் தரும். முகம் வேண்டுமானால் வாய்மொழிதான்.

‘எந்த வருஷம் மலைக்கு வந்தீங்க?’ என்று கேட்டால் பெரும்பாலும் உத்தேசமான ஒரு எண்தான் வரும். ‘பாட்டி, ஜப்பான்காரன் வந்தப்ப நீங்க லயத்துல இருந்தீங்களா, இல்ல கீழ தாப்பாவுலயா? அப்ப பெரட்டுக்குப் போற வயசா?’ என்று கேளுங்கள். (பெரட்டு என்பது தோட்டத்தில் காலை ஆள்கணக்கெடுப்பு.) பிறகு அவசரகாலம் (1948–1960), அணை கட்டினது (1963), மே 13 கலவரம் (1969) என்று ஒவ்வொரு முளையாக நட்டுக்கொண்டே போங்கள். கங்காணி யார், மண்டோர் (மேற்பார்வையாளர்) யார், கிராணி (எழுத்தர்) வீடு எந்தப் பக்கம் என்ற கேள்விகளுக்குப் பதில் சரளமாக வரும்; இந்தப் பெயர்களை வைத்துத் தோட்டப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும் கோயில் கல்வெட்டிலும் சரிபார்க்கலாம். இதே ஆளைப் பற்றி இரண்டாமவர் சொல்வது மாறினால் இரண்டையும் எழுதிவையுங்கள். பதிவு செய்வதற்கு முன் ஒப்புதல் வாங்குங்கள். நம் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவில் 1979 முதல் எடுத்த பேட்டிகள் உண்டு. கேள்வி கேட்கும் பாங்கைப் பழக அவற்றில் இரண்டைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

மலைக்குப் போகும் நாள்

பகாங்கில் தகவல் அறியும் சட்டம் கிடையாது. மலேசியாவில் சிலாங்கூரும் பினாங்கும்தான் அப்படிச் சட்டம் இயற்றிய மாநிலங்கள். ஆகவே மாவட்ட மன்றத்திடம் உரிமையோடு கேட்க முடியாது, கடிதம் எழுதித்தான் கேட்கவேண்டும். மலாயில், ஒரே பக்கம், யாங் டிபெர்துவாவுக்கு முகவரியிட்டு, போவதற்கு ஒரு மாதம் முன்பே அனுப்புங்கள். ‘வரலாறு வேண்டும்’ என்று எழுதாதீர்கள்; இன்ன மாதத்து முழு மன்றக் கூட்டக் குறிப்பு, இன்ன ஆண்டின் மாவட்ட உள்ளூர்த் திட்டம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். உள்ளூர்த் திட்டம் மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்கப்பட்ட ஆவணம் என்பதால் தயங்காமல் காட்டுவார்கள். கூட்டக் குறிப்புக்கு வரி செலுத்தும் உள்ளூர்வாசி ஒருவர் கூட வந்தால் வேலை சுலபம்.

பகாங்கில் சனி, ஞாயிறு அரசு விடுமுறை. வெள்ளிக்கிழமை மதியம் 12:15 முதல் 2:45 வரை அலுவலகத்தில் ஆள் இருக்கமாட்டார்கள்; இரவுப் பயணம் செய்து வெள்ளி மதியம் போய் இறங்குகிறவர், மிச்சமிருக்கும் பிற்பகலில் வேலை முடியாவிட்டால் திங்கள்வரை மலையைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான். செவ்வாய், புதன் நல்ல நாட்கள். அலுவலகத்தில் படம் எடுக்க விடாவிட்டால் கையால் எழுதத் தாளும் பென்சிலும், மைல் கணக்கில் உள்ள பழைய வரைபடத்தின் நகல் ஒன்றும் பையில் இருக்கட்டும். பழைய செய்தியில் ‘தாப்பா பாதை, இத்தனையாவது மைல்’ என்று வரும் இடத்தை 1.6ஆல் பெருக்கி, தாப்பாவிலிருந்து வண்டியின் கிலோமீட்டர் மானியைப் பார்த்துக்கொண்டே ஏறினால் ஏறக்குறைய அந்த வளைவுக்குப் போய்விடலாம். பாதை சில இடங்களில் நேராக்கப்பட்டிருப்பதால் ஒரு கிலோமீட்டர் முன்பின் இருக்கும்.